நாகப்பட்டினம் கப்பலில் முதன்முதலாகப் போகிறவர்களுக்கு: நான் பட்டது, படித்தது



போன லீவில் உம்மாவைக் கூட்டிக்கொண்டு காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் நாகப்பட்டினம் போய் வந்தோம். வந்த நாள் தொடக்கம் ஸ்ராஃப் ரூமிலும் மருதனார்மடம் சந்தையிலும் ஒரே கேள்விதான். "ரீச்சர், எப்பிடி புக் பண்ணினனீங்கள்? சத்தி வருமோ? வயசு போனவையைக் கொண்டு போகலாமோ?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். "கப்பல் பயணம்" என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது 2023 ஜூன் மாதம் காங்கேசன்துறைக்கு வந்த அந்தப் பெரிய உல்லாசக் கப்பல். கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்'. பதினொரு தட்டு, நீச்சல் தடாகம், சாப்பாட்டு மண்டபங்கள் எல்லாம் உள்ளது. அது சென்னையில் ஆட்களை ஏற்றி, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றிக்காட்டிவிட்டுத் திரும்பவும் சென்னைக்கே கொண்டுபோய் விடுகிற கப்பல். அந்தக் கப்பலில் வந்தவர்கள் கரை இறங்கிச் சுற்றிப் பார்த்தார்கள், நாங்கள் அவர்களைப் பார்த்தோம். அவ்வளவுதான்.

நான் சொல்வது சின்னக் கப்பல். 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி 'செரியபாணி' என்ற கப்பலோடு இந்தச் சேவை தொடங்கியது. மாரி வரப்போகிறது என்று ஒரு கிழமைக்குள்ளேயே நிறுத்தினார்கள். பிறகு 2024 ஓகஸ்ட் 16 தொடக்கம் 'சிவகங்கை' ஓடத் தொடங்கியது. இதுவும் இடையிடையே நின்று நின்று ஓடியதுதான். ஏறத்தாழ 150 பேர் இருக்கலாம். படுக்கை அறை, நீச்சல் தடாகம் ஒன்றும் இல்லை. உள்ளே போனால் பெரிய ஏசி பஸ் மாதிரி வரிசையாகக் கதிரைகள். நாகப்பட்டினம் இங்கிருந்து கிட்டத்தட்ட 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீற்றர் சொச்சம். கடல் நன்றாக இருந்தால் நாலு மணித்தியாலம். ஒரு கணக்குச் சொல்கிறேன்: உடுவிலில் இருந்து கொழும்புக்குப் போகும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ரிக்கெற் எடுக்க முன்னம்

விலையை நான் எழுதவில்லை. தொடங்கிய நாளிலிருந்து கட்டணமும், எத்தனை கிலோ சாமான் கொண்டுபோகலாம் என்ற கணக்கும் பலமுறை மாறிவிட்டன. நான் இன்று எழுதுவதை நம்பி நீங்கள் நாளை போய்ச் சண்டை பிடிக்கக் கூடாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதுகிறேன். ஒரு கடதாசியில் குறித்துக்கொண்டு போங்கள்.

ஒன்று: போக மட்டுமா, போய் வரவா? போய் வர எடுத்தால், திரும்பும் திகதியை மாற்ற முடியுமா?
இரண்டு: கையில் எத்தனை கிலோ, ஏற்றி விடுவது எத்தனை கிலோ? மேலதிகக் கிலோவுக்கு எவ்வளவு?
மூன்று: கடல் சரியில்லை என்று கப்பல் நின்றால் காசு திரும்பி வருமா, அல்லது வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா? எத்தனை நாளில்?
நாலு: என்னுடைய விசா நாகப்பட்டினத் துறைமுகத்தால் உள்ளே போகச் செல்லுமா?

இந்த நாலாவது கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. சென்னைக்குப் பிளேனில் போக எடுத்த விசா எல்லாத் துறைமுகத்துக்கும் செல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. விசாவுக்குப் போடும்போதே எதனால் போகிறோம் என்று சொல்லிக் கேளுங்கள். விசா கையில் வராமல் ரிக்கெற் எடுக்காதீர்கள்.

மூன்றாவது கேள்வியை நானே கேட்கவில்லை. நாங்கள் முதல் போட்ட திகதிக்கு இரண்டு நாள் முன்னம் காற்று, கடல் சரியில்லை என்று தகவல் வந்தது. நான் ஒரு முகவரிடம் எடுத்திருந்தேன். அந்த மனிசன் போனை எடுக்க ஒரு கிழமை, காசைத் திருப்பித் தர இன்னும் பல கிழமை. கப்பல் நின்றதில் எனக்குக் கோபம் இல்லை. கடலோடு யாரும் வாதாட முடியாது. கோபம் என்னில்தான். பிள்ளைகளுக்கு "வினாவை முழுதாக வாசித்துவிட்டு விடை எழுது" என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறவள், நிபந்தனைகளை வாசிக்காமல் காசு கட்டினேன். இரண்டாம் முறை நேரடியாகவே எடுத்தோம். ரிக்கெற் எங்கள் பெயரில், எங்கள் போன் இலக்கத்தில். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வேண்டாம். வாடைக் காலத்தில் கப்பல் அநேகமாக ஓடாது. மாசி, பங்குனி, சித்திரையில் கடல் பொதுவாகச் சாந்தம். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். ஆழக்கடலில் அலை நீளமாக ஏறி இறங்கும். ஆழம் குறைந்த இடத்தில் காற்று அடித்தால் அலை கிட்டக் கிட்ட, குத்துக் குத்தாக எழும்பும். சின்னக் கப்பலுக்கு அதுதான் கரைச்சல். போகும் நாளுக்கு முன்பின் இரண்டு மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கும், ஞாயிறு கப்பலில் வரலாம் என்று போட்டால் அதிபரிடம் கடிதம் கொடுக்க வேண்டி வரும்.

நாங்கள் ஏன் போனோம்

இதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது.

எனக்கு மூன்று வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்ததாம். பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, மூத்தும்மா நாகூர் ஆண்டகையின் பேரில் நேர்ச்சை வைத்து, ஒரு காசைப் பச்சைத் துணியில் முடிந்து வைத்தாராம். பிள்ளை சுகமானால் நாகூருக்குக் கொண்டுபோய்ச் செலுத்துவதென்று. நான் சுகமாகிவிட்டேன். ஆனால் அது 1984. அந்த வருடங்களோடுதான் தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பலும் நின்றுபோனது. அதற்கு முன்னம் எங்கள் சோனகதெரு ஆட்கள் துணிமணி வாங்க, வைத்தியம் பார்க்க, நாகூர்க் கந்தூரிக்கு என்று அந்தப் பக்கம் போவது பருத்தித்துறைக்குப் போய் வருவது போலத்தான். 1914இலிருந்து ரயிலும் கப்பலும் சேர்ந்து ஓடிய பாதை. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. சண்டை வந்து நின்றது.

முடிச்சு எங்கள் அலுமாரியில் இருந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். எனக்கு ஒன்பது வயது. எல்லோரையும் ஜின்னா மைதானத்தில் கூட்டி, பிறகு வழியில் நிறுத்திச் சோதித்து அனுப்பினார்கள். ஆளுக்கு நூற்றைம்பது ரூபா மட்டும் கொண்டுபோகலாம். உம்மாவின் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். அந்தப் பச்சை முடிச்சும் அதோடு போய்விட்டது. நகை போனதைப் பற்றி உம்மா பிற்காலத்தில் கதைத்ததே இல்லை. புத்தளத்துக் கொட்டிலில் இருந்தபோதும் சரி, திரும்பி இங்கே வந்த பிறகும் சரி, "அந்தக் காசு அவட நேர்ச்சை, செலுத்தாமப் போட்டம்" என்பதுதான் அவரின் கவலை. மூத்தும்மா புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார். கடன் உம்மாவின் தலையில் ஏறியது.

தர்காவுக்குப் போவது பற்றி எங்கள் ஆட்களுக்குள் பல கருத்து உண்டு. என்னுடைய நிலைப்பாடும் உம்மாவின் நிலைப்பாடும் ஒன்றல்ல. அதை இங்கே விவாதிக்க வரவில்லை. எழுபது வயது கடந்த ஒரு தாய், தன் மாமி வைத்த சொல்லைக் காப்பாற்ற நாற்பது வருடமாகக் காத்திருக்கிறார். அந்தச் சொல் என் உயிருக்காக வைத்த சொல். நான் வழித்துணை. அவ்வளவுதான்.

போகிற செய்தி தெரிந்தவுடன் பக்கத்து வீட்டு அன்ரி ஒரு மெழுகுதிரிக் கட்டோடு வந்தா. "ரீச்சர், வேளாங்கண்ணி அங்கயிருந்து கிட்டத்தானே. மாதாவுக்கு இதைக் கொளுத்திவிடுவீங்களே? நான் இனிப் போவனோ தெரியாது." உம்மா என்னை முந்திக்கொண்டு கை நீட்டி வாங்கினார். "நீங்க கவலைப்படாதீங்க, நான் கொண்டு போறன்." முன் வீட்டு ஐயா சிக்கல் சிங்காரவேலருக்கு அர்ச்சனைக்குக் காசு தந்தார். எங்கள் பை உடுவில் ஊர்ப் பையாகத்தான் வெளிக்கிட்டது.

துறைமுகத்தில்

நாகப்பட்டினத்திலிருந்து காலையில் வருகிற கப்பல்தான் மத்தியானத்துக்குப் பிறகு திரும்பிப் போகும். சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை தாண்டிப் போக எங்களுக்கு ஓட்டோவில் அரை மணித்தியாலம்கூட இல்லை. கிட்டத்தானே என்று கடைசி நேரத்தில் போகாதீர்கள். விமான நிலையத்தில் நடப்பது எல்லாம் இங்கேயும் உண்டு: சாமான் நிறுக்க, ஸ்கேன் பண்ண, சுங்கம், குடிவரவு. சொல்லுகிற நேரத்துக்கு முன்னமே நில்லுங்கள்.

வீட்டிலேயே தராசில் நிறுத்துக்கொண்டு போங்கள். பனங்கட்டி, ஒடியல், மிளகாய்த்தூள் என்று சொந்தக்காரருக்குக் கட்டினால் கிலோ ஏறிவிடும். மருந்து இருந்தால் டொக்டரின் துண்டோடு கைப்பையில் வையுங்கள். பாஸ்போட், விசா, தங்குமிட விலாசம் எல்லாவற்றிலும் ஒரு பிரதி வேறு பையில். தங்கும் இடத்தின் பெயரும் விலாசமும் அந்தக் கரையில் கேட்பார்கள், எழுதி வையுங்கள்.

நாங்கள் லுஹரையும் அஸரையும் கப்பல் ஏற முன்னமே சேர்த்துச் சுருக்கித் தொழுதுவிட்டோம். பயணிக்கு உள்ள சலுகை அது. உள்ளே ஆட்டத்தில் நின்று தொழுவது கஷ்டம். போகிற முஸ்லிம்கள் இதைக் கவனத்தில் எடுங்கள்.

சாமான் சோதிக்கும் இடத்தில்தான் நான் எதிர்பாராதது நடந்தது. உம்மாவின் கைப்பையைத் திறக்கச் சொன்னார்கள். சாதாரண சோதனை. எல்லோருடையதையும்தான் பார்த்தார்கள். உம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கை நடுங்கியது. "உம்மா, குடுங்க" என்றேன். விடவில்லை. பின்னால் வரிசை நின்றது. தம்பி காதுக்குள் ஏதோ சொன்னான், அதுவும் கேட்கவில்லை. பயணம் இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அந்த மேசையில் நின்றது ஒரு சிங்களப் பிள்ளை. இருபத்தைந்து வயது இருக்கும். 1990இல் பிறந்திருக்கவே மாட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, விளங்கப்படுத்த எனக்கும் வாய் வரவில்லை. அவள் மேசையைச் சுற்றி வந்து உம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, உடைந்த தமிழில், "அம்மா, நீங்களே எடுங்க. நான் பாக்க மட்டும்" என்றாள். உம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். குர்ஆன், தஸ்பீஹ், மருந்துப் பெட்டி, அன்ரியின் மெழுகுதிரி, ஐயாவின் காசு உறை, கடைசியில் புதிதாக முடிந்த ஒரு பச்சைத் துணி முடிச்சு. "இது என்ன அம்மா?" "நேர்ச்சைக் காசு மகள்." அவளுக்கு அந்தச் சொல் விளங்கியதா தெரியாது. முடிச்சைத் தொட்டு மட்டும் பார்த்தாள், அவிழ்க்கவில்லை. எடுத்து உம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். "ஹரி அம்மா, போங்க."

அடுத்த இருக்கையில் உட்கார்ந்த பிறகும் உம்மா கையைத் திறக்கவில்லை.

வயது போனவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஊரில் சோதனைச்சாவடி பார்க்காத கிழவன் கிழவி கிடையாது. சீருடையும் மேசையும் திறந்த பையும் கண்டால் அவர்களுக்கு எந்த வருடம் நினைவுக்கு வரும் என்று எங்களுக்குத் தெரியாது. என்ன நடக்கும், யார் பார்ப்பார்கள், எதைக் கேட்பார்கள் என்று முன்கூட்டியே வீட்டில் சொல்லி வையுங்கள். நான் பாஸ்போட் பிரதிவரை யோசித்தேன், இதை யோசிக்கவில்லை.

கடலில்

முதல் அரை மணித்தியாலம் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுப்பார்கள். கரை தெரியும்வரை சிக்னலும் கொஞ்சம் இருக்கும். பிறகு இரண்டும் போய்விடும். வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை ஏற முன்னமே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நாலு மணித்தியாலம் அவர்கள் பயப்படுவார்கள்.

சத்தி வருமா என்றால், சிலருக்கு வரும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். வெறும் வயிறும் கூடாது. இரண்டு இடியப்பம், தேத்தண்ணி போதும். சத்திக் குளிசை போடுவதென்றால் ஏற முன்னம், டொக்டரிடம் கேட்டுப் போடுங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டுப் பிரயோசனம் இல்லை. நடுப்பக்கம், கொஞ்சம் பின்னால் இருந்தால் ஆட்டம் குறைவு. போனைப் பார்க்காமல் யன்னலுக்கு வெளியே தூரத்தில் கடலும் வானமும் சேருகிற கோட்டைப் பாருங்கள். இஞ்சி, தேசிக்காய், ஒரு ஷொப்பிங் பை கையில் இருக்கட்டும். ஏசி கடும் குளிர். வயதானவர்களுக்கு ஒரு சால்வை கட்டாயம்.

இவ்வளவும் சொல்கிற நான் உம்மாவுக்கும் தம்பிக்கும் குளிசை கொடுத்துவிட்டு எனக்குப் போட மறந்துபோனேன். மூன்றாவது மணித்தியாலம் காற்று எழும்பியது. உம்மா கல்லுப்போல இருந்து தஸ்பீஹ் உருட்டினார். சத்தி எடுத்தது ரீச்சர்தான். உம்மா என் முதுகைத் தடவிக்கொண்டு, "மூண்டு வயசிலயும் நீ இப்பிடித்தான் என்னைப் பயப்படுத்தினனீ" என்றார். அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

ஒரு விசயம் யோசித்தேன். எங்கள் உடுவிலுக்கு 1824இல் பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி வைத்த அமெரிக்க மிஷனரிமார் பாய்க்கப்பலில் மாதக்கணக்காக வந்தவர்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்கா வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட கரையில் பிறந்த எங்களுக்கு நாலு மணித்தியாலக் கடல் நாற்பது வருடம் கிடைக்காமல் போயிருக்கிறது.

அந்தக் கரையில்

மணிக்கூட்டை மாற்ற வேண்டாம். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். போய்ச் சேர இருட்டிவிடும், குடிவரவு வரிசையிலும் நிற்க வேண்டும், அதனால் முதல் இரவுக்கு இடம் முன்கூட்டியே பதிந்து வையுங்கள். கொஞ்சம் இந்தியக் காசு கையில் இருக்க வேண்டும். ஓட்டோக்காரரிடம் ஏற முன்னம் விலை பேசுங்கள். நாங்கள் "ஓம்" என்றவுடனேயே எந்த ஊர் என்று பிடித்துவிடுகிறார்கள். எங்களைக் கொண்டுபோனவர் 2004 சுனாமியில் தன் கரை பட்டதைச் சொன்னார். தமிழ்நாட்டிலேயே அதிக உயிர் போனது அந்த மாவட்டத்தில்தான். உம்மா, "எங்கட பக்கமும் அதே அலைதான் மகன்" என்றார்.

நாகப்பட்டினத்தை நடுவில் வைத்தால் வடக்கே கிட்டத்தில் நாகூர், அதையும் தாண்டிக் காரைக்கால் பக்கம் திருநள்ளாறு, மேற்கே சிக்கல், தெற்கே வேளாங்கண்ணி. எங்கள் ஊர் ஆட்கள் எல்லோருக்கும் அங்கே ஒரு அலுவல் உண்டு.

நாகூரில் ஐந்து மினாராக்கள். ஆக உயரமானது 131 அடி, தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப்சிங் கட்டியது. கந்தூரிக்குக் கொடியை நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ ரதத்தில் ஊர்வலமாகக் கொண்டு வருவார்களாம். கடலோடிகளின் காவலர் என்று சனம் நம்புகிற இடம். எங்கள் கல்முனைக் கடற்கரைப் பள்ளியிலும் அவர் பேரில்தான் கொடியேற்றம். உம்மா முடிச்சை அவிழ்த்துக் காசைப் போட்டார். அரை நிமிடம்தான். அழவில்லை. வெளியே வந்து படியில் இருந்து, "பசிக்குது மகள்" என்றார். நாகூர் வாடா வாங்கிக் கொடுத்தேன். மூன்று சாப்பிட்டார். நேர்ச்சை பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் உம்மா அப்படிப் பசியாறி நான் கண்டு கனகாலம்.

அடுத்த நாள் வேளாங்கண்ணியில் அன்ரியின் மெழுகுதிரியைத் தம்பி கொளுத்தினான், உம்மா பக்கத்தில் நின்று அது அணையாமல் கையால் மறைத்தார். சிக்கலில் ஐயாவின் பெயருக்கு அர்ச்சனை செய்வித்துத் துண்டை வாங்கி வந்தோம்.

திரும்பும் கப்பல் காலையில். விடியவே துறைமுகத்தில் நிற்க வேண்டும். அதற்கு முதல் இரவு நாகப்பட்டினத்திலேயே தங்குங்கள். இந்த முறை நான் குளிசை போட்டுக்கொண்டேன். காங்கேசன்துறையில் சோதனை மேசை வந்தபோது, யாரும் சொல்ல முன்னமே உம்மா பையைத் திறந்து வைத்தார்.

விசா, சாமான், குளிசை பற்றி இன்னும் கேட்க வேண்டியவர்கள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வாருங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அன்ரி, எண்ணெய்ப் போத்தல் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. உம்மா தன் கையாலேயே தரவேண்டுமாம், பின்னேரம் வருவா.

எல்லோருக்காகவும் துஆ செய்கிறேன். நீங்களும் எங்களுக்காகச் செய்யுங்கள்.